கப்பல் எங்கே போகுது

சூசை அங்கிள் வெளியே போகும்போது கிரில் கதவை இழுத்துப் பூட்டிவிட்டுத்தான் போவார். உள்ளே நான் இருப்பேன். இதில் ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. "பூட்டுறேன்மா" என்று குரல் கொடுப்பார். நானும் "சரி அங்கிள்" என்பேன். அறையில் இருந்த சோதனை இயந்திரம் ஜப்பான் கம்பெனிக்குச் சொந்தமானது. அவர்களுடைய புதிய வீடியோ கேம் பெட்டிக்கு விளையாட்டு எழுதுகிறவர்களுக்கு மட்டும் இரவல் தருவது. அது களவு போனால் அவர் வீட்டை விற்றாலும் ஈடுகட்ட முடியாது. "நான் மிஷினைத்தான் பூட்டி வைக்கிறேன், உன்னை இல்ல" என்று ஒருநாள் சொன்னார். மிஷினுக்கு அந்த வித்தியாசம் புரிந்திருக்கலாம். எனக்குப் புரியவில்லை.

1987. டன்லப் ஸ்ட்ரீட்டில் நெய்னா முகம்மதுவின் ஜவுளிக்கடைக்கு மேலே எங்கள் கம்பெனி. கம்பெனி என்றால் அவரும் நானும். ஜப்பானுக்குப் பேசும்போது மட்டும் "எங்கள் டீம்" என்பார். அந்த டீம் ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே வெங்காய மூட்டை இறக்குகிறவர்களின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, கணினிக்கு மட்டுமே புரியும் மொழியில் ஒவ்வொரு வரியாக எழுதிக்கொண்டிருக்கும்.

சூசைநாதன் எனக்கு வெறும் முதலாளி என்றால் எப்போதோ ஒரு தாளில் ராஜினாமா எழுதி நீட்டியிருப்பேன். அவர் என் ஞானத்தந்தை. எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது என்னைக் கையில் ஏந்தி நின்றவர். உர்சுலா என்று பெயர் வைத்ததும் அவர்தான். அதற்காகவே தனியாக ஒரு கோபம் உண்டு. போன வருஷம் அப்பா இறந்தபோது சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தோளில் தாங்கியவரும் அவர்தான். இப்படிப்பட்ட மனிதரிடம் "நான் போறேன்" என்று எப்படிச் சொல்வது?

ஆனால் சொன்னேன். மெல்பர்னில் ஒரு கம்பெனிக்காரர் என் வேலையை இங்கே நடந்த கண்காட்சியில் பார்த்துவிட்டு, வா என்று கூப்பிட்டிருந்தார். அங்கே உண்மையிலேயே ஒரு டீம் இருந்தது. நான் எழுதியதைப் பார்த்து "இந்த இடத்தை ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்க ஆட்கள் இருந்தார்கள். எனக்கு அது போதும். அந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்றால், பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போதுகூட அந்த ஊரின் குளிரை நினைத்துக் கைகளைக் கட்டிக்கொள்வேன்.

"போயேன்மா, யார் வேணாம்னு சொன்னா?" என்றார் சூசை அங்கிள். "எடுத்த வேலைய முடிச்சிட்டுப் போ. கிளையண்ட் ஓகே சொல்லட்டும். பாதியில விட்டுட்டுப் போனா என் பேரு என்னமா ஆகும்?"

நியாயம்தானே. சரி என்றேன். அம்மாவும் பக்கத்தில் இருந்தாள். அவள் முன்னால்தான் வாக்குக் கொடுத்தேன்.

எடுத்த வேலை இதுதான். 'ஸ்டார் சென்ட்ரி' என்று ஒரு பழைய ஆர்கேட் விளையாட்டு. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, சீருடையோடு போய் இருபது காசு போட்டு ஆடியது. ஒரு சின்னக் கப்பல், மேலிருந்து எதிரிகள் வரிசையாக இறங்குவார்கள், சுட வேண்டும். அதை ஜப்பான்காரர்களின் வீட்டுப் பெட்டிக்குப் புதுப்பித்துத் தர வேண்டும். நிறம் கூட வேண்டும், நட்சத்திரங்கள் ஓட வேண்டும், முக்கியமாக ஒரு முடிவு வேண்டும்.

ஏனென்றால் பழைய விளையாட்டுக்கு முடிவே கிடையாது. எத்தனை பேரைச் சுட்டாலும் மறுபடி அதே எதிரிகள், இன்னும் வேகமாக வருவார்கள். நீங்கள் சாகும்வரை வருவார்கள். செத்தால்தான் அடுத்த இருபது காசு விழும். வீட்டில் ஆடுகிறவனோ காசை முன்னாலேயே கொடுத்துவிட்டான். அவனை ஜெயிக்க விடலாம்.

நான் ஒரு முடிவு எழுதினேன். கடைசி எதிரியும் வெடித்த பிறகு திரை காலியாகிவிடும். கப்பல் கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு தானாக மேலே கிளம்பும். நட்சத்திரங்களைத் தாண்டி, திரையின் மேல்விளிம்பைத் தாண்டிப் போய்விடும். அவ்வளவுதான். எழுதி முடித்ததும் நானே பத்து தடவை ஓட்டிப் பார்த்தேன்.

இன்னொன்றும் செய்தேன். கப்பல் வெடிக்கும் சத்தத்துக்கு இடமில்லை. அந்தப் பெட்டியில் இரைச்சல் சத்தத்துக்கு ஒரே ஒரு வழிதான். அதைத் துப்பாக்கிக்குக் கொடுத்துவிட்டேன். மிச்சமிருந்த வழிகளில் சுருதி மட்டும்தான் வரும். அதனால் கப்பல் வெடிக்கும்போது ஒரு மணி அடிக்கும்படி செய்தேன். ஒரு அடி. அது தேய்ந்து தேய்ந்து அடங்கும்வரை இடைவெளி. மறுபடி ஒரு அடி. எங்கள் லூர்து மாதா கோயிலில் துக்க மணி அப்படித்தான் அடிக்கும். அப்பாவுக்கு அடித்த பிறகு அந்த மணி என் காதை விட்டுப் போகவே இல்லை. அது தானாகவே விரலில் வந்தது.

பிப்ரவரியில் எல்லாவற்றையும் சிப்பில் எழுதிக் கொடுத்தேன். சூசை அங்கிள் ஜப்பானுக்கு அனுப்பினார். மெல்பர்னுக்கு "வருகிறேன்" என்று எழுதினேன்.

சாதாரண வீட்டு டிவியில் எப்படித் தெரிகிறது என்று பார்க்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் விற்கும் விளையாட்டுப் பெட்டி ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்தேன். தஞ்சோங் பகாரில் எங்கள் அடுக்குமாடி வீடு. அம்மா சோபாவில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே பார்த்தாள். என்ன புரிந்ததோ தெரியவில்லை. நான் வேண்டுமென்றே ஒருமுறை செத்துக் காட்டினேன். மணி அடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். கொஞ்சம் கழித்து வந்தாள். அப்போது நான் கடைசிக் கட்டத்தில் இருந்தேன். கப்பல் மேலே கிளம்பிப் போய் மறைந்தது.

"கப்பல் எங்க போகுது?" என்றாள்.

"தெரியாதும்மா. போகுது."

"திரும்பி வராதா?"

"கேம் முடிஞ்சிருச்சு. அவ்வளவுதான்."

அதன் பிறகு அடிக்கடி, "அந்தப் பெட்டிய எடுத்துட்டு வா, பார்ப்போம்" என்று அவளே கேட்பாள். எனக்கும் பெருமையாக இருந்தது. மரியாயின் சேனைக் கூட்டத்தைத் தவிர வேறு எதற்கும் நேரம் ஒதுக்காத பிரிஜட் அம்மாள், மகளுடைய வேலையை உட்கார்ந்து பார்க்கிறாள் அல்லவா?

மார்ச்சில் முதல் திருத்தம் வந்தது. ஒரு திங்கட்கிழமை.

"ஒசாகாலேர்ந்து போன்" என்றார் சூசை அங்கிள். "அந்த மணிச் சத்தம் வேணாமாம். மாத்திடு."

மாற்றினேன். துப்பாக்கியிடமிருந்து இரைச்சலைப் பிடுங்கிக் கப்பலுக்குக் கொடுப்பது சின்ன வேலை இல்லை. முடிப்பதற்குள் அடுத்த திங்கட்கிழமை வந்துவிட்டது. நட்சத்திரங்கள் ரொம்ப வேகமாக ஓடுகின்றனவாம். குறைத்தேன். அதற்கடுத்து, சிவப்பு ரொம்ப இரத்தம் மாதிரி இருக்கிறதாம். மாற்றினேன். ஒரு ஆளை எதிர்த்து இத்தனை பேர் வருவது அநியாயமாம். இதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். ஜப்பான்காரனுக்கு இரக்கம் வந்துவிட்டது போல. எதிரிகளையும் குறைத்தேன். எப்போதும் திங்கட்கிழமைதான் வரும். ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வெடுக்காத ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அது வந்தது. கப்பல் மேலே போய் மறையக் கூடாது. திரும்பி வீட்டுக்கு வர வேண்டும்.

"எந்த வீட்டுக்கு அங்கிள்? அதுக்கு வீடே இல்ல."

"போட்டுக் கொடேன்மா. ஒரு வீடு போடுறதுக்கு என்ன?"

ஆனாலும் செய்தேன். கீழே தரை, ஒரு வீடு, ஜன்னலில் மஞ்சள் விளக்கு. கப்பல் மேலே போய், யோசித்து, திரும்பி வந்து இறங்கும். அதுவும் போதவில்லை. விளக்கு இன்னும் பெரிதாக வேண்டுமாம். தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிய வேண்டுமாம்.

மெல்பர்ன்காரர் பொறுமைசாலி. இரண்டு முறை தேதி தள்ளி வைத்தார். மூன்றாவது முறை, ஆகஸ்ட் முடிவதற்குள் பதில் சொல், அதற்கு மேல் காத்திருக்க முடியாது என்று எழுதினார். அதையும் சூசை அங்கிளிடம் சொன்னேன். "முடிஞ்சிரும்மா, கிட்டத்துல வந்துட்டோம்" என்றார். பூட்டினார். போனார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெருவில் தேசிய நாளுக்குக் கட்டிய கொடிகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. சுட்டால் மறுபடி வருகிறார்கள், இன்னும் வேகமாக வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் பாதி தாண்டிய ஒருநாள் அவர் ஜொகூருக்குப் போயிருந்தார். காலையில் வேலையைத் தொடங்கியதும் ஜாய்ஸ்டிக் கைப்பிடி ஒடிந்துவிட்டது. இப்படிப்பட்ட சாமான்களை எப்போதும் அவரே போய் வாங்கி வருவார். என்னை அனுப்பியதே இல்லை. கைப்பிடி இல்லாமல் சோதித்துப் பார்க்க முடியாது. ஒரு நாள் போனாலும் ஆகஸ்டில் ஒரு நாள் குறைகிறது. ஜன்னல் வழியாக நெய்னா முகம்மதுவைக் கூப்பிட்டேன். தீ கீ பிடித்தால் திறக்க அவரிடம் ஒரு சாவி உண்டு.

"தீயாம்மா?" என்று கேட்டுக்கொண்டே மேலே வந்தார்.

"இன்னும் இல்ல பாய்" என்றேன்.

சிராங்கூன் ரோட்டில் சேக் தாவூதின் எலெக்ட்ரானிக்ஸ் கடை. மெட்ராஸிலிருந்து வந்தவர்கள் டேப் ரெக்கார்டர் பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஏறும்போது உள்ளே மணி அடித்தது. ஒரு அடி. இடைவெளி. இன்னொரு அடி.

என் கை தானாக நெற்றிக்குப் போனது. சிலுவை போட்டுவிட்டு, பாவம் யாரோ போய்விட்டார்கள், யாராக இருக்கும் என்று யோசித்தேன். அப்புறம்தான் சிராங்கூன் ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடைக்குள் துக்க மணி எங்கிருந்து வரும் என்று தோன்றியது.

காட்சிக்கு வைத்த டிவியில் என் கப்பல். விற்பனைப் பையன்கள் யாரோ ஆடிவிட்டுப் போயிருந்தார்கள். நட்சத்திரங்கள் பழைய வேகத்தில் ஓடின. சிவப்பு சிவப்பாகவே இருந்தது. நான் கைப்பிடியை எடுத்தேன். யார் எந்த மூலையிலிருந்து வருவார்கள் என்பது எனக்குத் தெரியாதா? கடைசிவரை ஆடினேன். திரை காலியானது. கப்பல் கொஞ்ச நேரம் நின்றது. மேலே கிளம்பியது. போயே போய்விட்டது.

ஒருமுறை எங்கள் அறைக்கு வந்தபோது என்னைப் பார்த்திருந்த சேக் தாவூது பக்கத்தில் வந்து நின்றார். "நல்லா ஆடுறீங்களே."

"இது எப்ப வந்துச்சு?"

"மே மாசமே வந்துருச்சு. நல்லா ஓடுது. உங்க முதலாளிகூட ரெண்டு வாங்கிட்டுப் போனாரே, சொல்லலையா?"

மே மாதம். அதற்குப் பிறகும் நான் எத்தனை திங்கட்கிழமை திருத்தினேன், எத்தனை முறை விளக்கைப் பெரிதாக்கினேன். எல்லாம் யாருக்கு? உலகத்தில் ஒருவரும் காத்திருக்காத ஒரு திருத்தத்துக்காக ஒரு மனுஷி பூட்டிய கதவுக்குப் பின்னால் கண் எரிய உட்கார்ந்திருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. கைப்பிடி வாங்காமலே திரும்பினேன்.

சூசை அங்கிள் வந்தபோது கிரில் கதவை விரியத் திறந்துபோட்டு, நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் முதலில் பூட்டைப் பார்த்தார், அப்புறம் என்னை.

"சேக் தாவூது கடைக்குப் போனேன்" என்றேன்.

"அது டூப்ளிகேட்டா இருக்கும்மா. இப்பல்லாம் காப்பி அடிச்சு..."

"டூப்ளிகேட்னா நீங்க எதுக்கு ரெண்டு வாங்கினீங்க?"

அவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். மின்விசிறிக்குக் கீழே போய் நின்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் இத்தனை மாதம் எப்படிச் சமாளித்தார் என்றே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"ஏன் அங்கிள்? நான் இல்லாட்டி டீம் இல்லன்னா?"

"அதுவும்தான். பொய் சொல்லல. ஆனா..." நிறுத்தினார். "உங்கம்மாதான் கேட்டாங்க. ஒரே பொண்ணு. அப்பா போயி வருஷம்கூட ஆகல. கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைங்க அண்ணே, அவ மனசு மாறிடும்னாங்க. நான் எப்படிமா மாட்டேன்னு சொல்றது?"

"அப்ப அந்தத் திருத்தமெல்லாம்?"

"எனக்கு கேம பத்தி என்னமா தெரியும்? அவங்கதான் சொல்லுவாங்க. பூசை முடிஞ்சு கோயிலுக்கு வெளிய மாதா கெபிகிட்ட நிப்போம்ல, அப்ப. 'தலை சுத்துது அண்ணே'ன்னாங்க. நான் வந்து ஸ்பீட கொறைன்னு சொன்னேன்."

நான் ஒவ்வொரு திங்கட்கிழமையையும் நினைத்துப் பார்த்தேன். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையையும் நினைத்துப் பார்த்தேன். ஒரு ஆளை எதிர்த்து இத்தனை பேரா என்று இரக்கப்பட்டது ஜப்பான்காரன் இல்லை. ஜன்னலில் விளக்கைப் பெரிதாக்கச் சொன்னதும் அவன் இல்லை. என் கிளையண்ட் சோபாவில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைலேர்ந்து வர மாட்டேன் அங்கிள்" என்றேன். "உங்க மிஷின பூட்டிக்கோங்க."

நேராகத் தொலைபேசி அலுவலகத்துக்குப் போய் மெல்பர்னுக்குப் பேசினேன். அந்த மனிதர் ஸ்டார் சென்ட்ரியை ஜூனிலேயே வாங்கி ஆடியிருந்தார். "நன்றாகத்தானே முடித்திருக்கிறாய், பிறகு ஏன் முடியவில்லை என்று எழுதிக்கொண்டே இருந்தாய்?" என்று கேட்டார். "வருகிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

வீட்டுக்குப் போனபோது அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தாள்.

"அங்கிள் சொல்லிட்டாரு" என்றேன். "கிளையண்ட் நீங்கதானாம்."

அம்மா எழுந்து அலமாரியைத் திறந்தாள். அப்பாவின் சட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தாள். ஸ்டார் சென்ட்ரி. பிரிக்கவே இல்லை.

"சூசை அண்ணன் ஒண்ணு கொடுத்தாரு. உன் பேரு எங்கயாச்சும் போட்டிருக்கானான்னு பார்த்தேன். போடல."

"பேரெல்லாம் போட மாட்டாங்கம்மா. பேச்ச மாத்தாதீங்க."

"நீ போனா திரும்ப மாட்டே, உர்சு."

"அதுக்காகப் பூட்டி வைப்பீங்களா?"

"வேற என்ன பண்ண எனக்குத் தெரியல" என்றாள். குரல் உயரவில்லை. "போகாதன்னு சொன்னா நீ போகாம இருந்திருப்பே. அப்புறம் காலம் பூரா என்னை அந்த மாதிரி பார்த்துட்டே இருப்பே. அதான் சொல்லல."

"இப்ப மட்டும் எப்படிப் பார்க்கிறேன்?"

அவள் பெட்டியின் மேல் வரைந்திருந்த கப்பலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"மத்ததெல்லாம் நாளக் கடத்தச் சொன்னதுதான். அந்த மணி மட்டும் இல்ல" என்றாள். "அது உங்கப்பாவுக்கு அடிச்ச மணி. ஒவ்வொரு தடவையும் என் வீட்டு டிவியில அவரு செத்துட்டே இருந்தாரு. அது மட்டும் நெசமாவே தாங்கல."

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. என் காதை விட்டுப் போகாத மணி அவள் காதை மட்டும் விட்டுப் போயிருக்குமா? நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கோபம் போகவில்லை. அது பாட்டுக்கு இருந்தது, இருவருக்கும் நடுவில். அது இருக்க இருக்கவே அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் போறேன்மா" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் அவளே கேட்டாள். "அந்த வீட்டுக்கு வர்ற கப்பல், அது கடையில கிடைக்காதுல்ல?"

"கிடைக்காது. உங்களுக்கு மட்டும்தான் எழுதியிருக்கேன்." வேண்டுமென்றே குத்தினேன்.

"அத எனக்கு வச்சிட்டுப் போ."

சூசை அங்கிள் ஒரு புதிய விளையாட்டுப் பெட்டி வாங்கிக் கொண்டுவந்து, வாசலிலேயே நின்றபடி கொடுத்துவிட்டுப் போனார். அம்மாவுக்குக் கைப்பிடியைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தேன். இடது பக்கம் தள்ளச் சொன்னால் உடம்பு முழுவதையும் இடது பக்கம் சாய்ப்பாள். முதல் வரிசை எதிரிகளைக்கூட அவளால் தாண்ட முடியவில்லை. எத்தனை முறை ஆடினாலும் கப்பல் அங்கேயே வெடித்தது. வீடு கடைசியில் அல்லவா இருக்கிறது? இந்தக் கணக்கில் அவள் ஆயுளுக்கும் அதைப் பார்க்கப்போவதில்லை.

மறுநாள் டன்லப் ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். சூசை அங்கிள் சாவியை மேசையில் வைத்துவிட்டு, கீழே இறங்கிப் போனார். கதவு திறந்தே கிடந்தது. உட்கார்ந்து கடைசித் திருத்தத்தைச் செய்தேன். எதிரிகளை ஒவ்வொரு வரிசையாக எடுத்தேன். துப்பாக்கியை எடுத்தேன். வெடிச் சத்தத்தையும் எடுத்துவிட்டேன். சாவதற்கு அங்கே யாரும் இல்லை. நட்சத்திரங்களை அவளுக்குத் தலை சுற்றாத வேகத்தில் விட்டேன். பொத்தானை அமுக்கினால் கப்பல் மேலே போகும், திரும்பும், விளக்கு எரியும் வீட்டுக்குப் பக்கத்தில் வந்து இறங்கும். வேறு ஒன்றும் நடக்காது. சிப்பில் எழுதி எடுத்துக்கொண்டு வந்தேன்.

அம்மா டிவிக்கு முன்னால் உட்கார்ந்து பொத்தானை அமுக்கினாள். கப்பல் போனது. அவள் மூச்சு விடாமல் பார்த்தாள். திரும்பி வந்து இறங்கியது.

"இதுல ஜெயிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லம்மா" என்றேன்.

"வந்துருச்சுல்ல" என்றாள்.

மறுபடியும் பொத்தானை அமுக்கினாள். நான் உள்ளே போய்ப் பெட்டி கட்டத் தொடங்கினேன்.